வெள்ளிக்கிழமைப் பல்லாரி

மீன் கம்பெனியில் சேர்ந்த இருபத்திரண்டு வருஷத்தில் மெட்டில்டா கேட்டு வாங்கிய லீவுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அம்மாவின் சாவு, தனக்கு அம்மை போட்ட பத்து நாள், மகன் அனிஷ் சைக்கிளிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்ட அன்று. அதனால் வெள்ளிக்கிழமை வரமுடியாது என்று அவள் போனில் சொன்னதும் சூப்பர்வைசர் ரெக்சன் பதறிப்போனான்.

"என்னக்கா, வீட்டுல யாருக்கும் சொகமில்லையா?"

"அதெல்லாம் இல்ல தம்பி. பல்லாரி பொரிக்கணும்."

"பல்லாரியா?"

"ஆமா. பெரிய வெங்காயம்."

"சரிக்கா" என்று வைத்துவிட்டான். வைத்த பிறகு சிரித்திருப்பான். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று மெட்டில்டா நினைத்துக்கொண்டாள். பொய் சொல்லி லீவு கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. உண்மையை முழுசாகச் சொல்லவும் வாய் வரவில்லை.

முழு உண்மை என்னவென்றால், வெள்ளிக்கிழமை சாயந்தரம் நாலரை மணிக்கு அனிஷ் ஒரு பெண்ணை வீட்டுக்குக் கூட்டிவருகிறான். பேர் இந்துமதி. தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கஸ்டம்ஸ் ஏஜெண்ட் ஆபீஸில் வேலை. அனிஷ் வேலை பார்க்கும் கண்டெய்னர் யார்டுக்குக் காகிதம் கொண்டுவந்து கொண்டுவந்து பழக்கமானவள். ஊர் ஆத்தூர். அப்பா காசிலிங்கம் வெற்றிலை மொத்த வியாபாரி. பத்து தலைமுறையாக மாதா கோயிலைத் தவிர வேறு வாசல் மிதிக்காத வீட்டில், ஆத்தூர் வெற்றிலைக்காரர் மகள். அனிஷ் முதலில் சொன்ன அன்று அவன் அப்பா இஞ்ஞாசி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள், "அந்தப் புள்ளை மீன் திங்குமா?" என்று கேட்டார். அதுதான் அவர் சம்மதம்.

பெண் வீட்டில் என்ன நினைக்கிறார்கள் என்று தெரியவில்லை. அவளுடைய அம்மா, "நீயே ஒருதரம் போய்ப் பாத்துட்டு வா" என்று சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான் அனிஷுக்கும் தெரியும்.

மெட்டில்டாவுக்கு அந்தப் பெண் வருவது பெரிதில்லை. வந்து சாப்பிடுவாளா என்பதுதான் கவலை. சம்பந்தம் பேசப் போகிறவர்கள், பேச்சு ஒத்துவரும்வரை அந்த வீட்டில் கை நனைக்கமாட்டார்கள். இது ஆத்தூரிலும் உண்டு, கடற்கரையிலும் உண்டு. பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தட்டு சொல்லிவிடும்.

மெட்டில்டாவுக்குத் தட்டு ஒரு தடவை சொல்லியிருக்கிறது. இருபத்தோரு வயதில் அவளைப் பார்க்க மணப்பாட்டுப் பக்கமிருந்து ஒரு கூட்டம் வந்தது. ஏழு பேர். அவள் கையாலேயே முறுக்குச் சுற்றி வைத்திருந்தாள். அவர்கள் வீட்டை மேலும் கீழும் பார்த்தார்கள், ஓட்டுக்கூரையைப் பார்த்தார்கள், "இன்னொரு நாள் வந்து சாப்பிடுதோம்" என்று சொல்லி எழுந்துபோனார்கள். தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது. அந்த முறுக்கை மூன்று நாள் அவள்தான் தின்று தீர்த்தாள். நல்ல முறுக்கு. அதுதான் அவளுக்கு ஆறவேயில்லை. மோசமாக இருந்திருந்தால் முறுக்கின் மேல் பழியைப் போட்டிருக்கலாம்.

அடுத்த வருஷம் இஞ்ஞாசி தனியாக வந்து மூன்று தட்டு தின்றுவிட்டு, "இன்னும் இருக்கா?" என்று கேட்டது வேறு கதை.

"அவளுக்கு என்னல பிடிக்கும்?" என்று வியாழக்கிழமை மகனிடம் கேட்டாள்.

"ஆனியன் ரிங்ஸ்."

"அப்படின்னா?"

"பல்லாரிய வளையம் வளையமா வெட்டி மாவுல முக்கிப் பொரிக்கது."

"அது பஜ்ஜில்லா?"

"பஜ்ஜி மெத்துனு இருக்கும். இது கடிச்சா அடுத்த வீட்டுக்குக் கேக்கணும்." போனில் ஒரு வீடியோவைப் போட்டு அவள் கையில் கொடுத்தான். "இங்க பாரும்மா. முட்டை மட்டும் சேக்காத. வெள்ளிக்கிழமை அவ முட்டை, மீனு ஒண்ணும் தொடமாட்டா. வீட்டுல மீன் வாசனையே இருக்கப்பிடாது."

இஞ்ஞாசி வலை பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"ஏலே, நமக்கு வெள்ளிக்கிழமை கறி ஆகாது, மீனுதான் ஆகும். அவுகளுக்கு வெள்ளிக்கிழமை மீனே ஆகாது. பொறவு கல்யாணங் கட்டி வெள்ளிக்கிழமை தோறும் என்னத்தல திம்பிய?"

"பல்லாரி" என்றான் அனிஷ்.

வெள்ளிக்கிழமை காலையில் மெட்டில்டா இஞ்ஞாசிக்கு மட்டும் ஒரு சின்னச் சட்டியில் சாளை மீன் குழம்பு வைத்து, கடலிலிருந்து வந்ததும் வராததுமாகப் பத்தரை மணிக்கே போட்டுவிட்டாள். சட்டியைப் புளி போட்டு இரண்டு தடவை தேய்த்தாள். ஜன்னல்களைத் திறந்து வைத்தாள். குசினியிலிருந்து வாசல்வரை சாம்பிராணி போட்டாள். மீன் பொரிக்கும் வாணலியைக் கொல்லையில் கவிழ்த்துவிட்டு, கிறிஸ்மஸுக்கு மட்டும் பரணிலிருந்து இறங்கும் பலகார வாணலியை எடுத்துக் கழுவினாள். புது எண்ணெய்ப் பாக்கெட்டை வெட்டி ஊற்றினாள்.

வெட்டுகிற வேலையில் அவளுக்கு யோசனையே தேவைப்படவில்லை. கம்பெனியில் அவள் வேலை கணவாய் மீன் வெட்டுவது. தலையும் குடலும் போன வெள்ளைக் குழாயை ஒரு சென்டிமீட்டர் வளையங்களாக வெட்டி ஐஸ் தண்ணீரில் போடவேண்டும். எந்தெந்தத் தேசத்துக்கோ போகிறது. தடிமன் கொஞ்சம் பிசகினாலும் ரெக்சன் பெட்டியையே திருப்பிவிடுவான். மெட்டில்டாவின் பெட்டி திரும்பியதில்லை. இன்று கத்தி பல்லாரிக்குள் இறங்கியபோது கையே அளவெடுத்துக்கொண்டது. வளையங்களைப் பிரித்து ஐஸ் தண்ணீரில் போட்டாள். எல்லாம் ஒரே கனம். வீடியோவில் வந்த பெண்ணின் வளையங்கள் கோணல்மாணலாக இருந்ததை நினைத்து அவளுக்கு ஒரு சின்னத் திருப்தி.

அந்தத் திருப்தி எண்ணெய் காயும்வரைதான் இருந்தது.

மைதாவும் சோளமாவும் கொஞ்சம் அரிசிமாவும் மிளகாய்த்தூளும் உப்பும் கலந்து கரைத்து, வளையத்தை முக்கி, ரஸ்க்குத் தூளில் புரட்டிப் போட்டாள். பொன்னிறமாகத்தான் வந்தது. எடுத்துக் கடித்தால் வெங்காயம் மட்டும் வழுக்கிக்கொண்டு வாய்க்குள் வந்தது. மாவு கூடாக அவள் விரலில் நின்றது.

இஞ்ஞாசி ஒன்றை எடுத்துப் பார்த்தார். "சட்டை ஒரு பக்கம் நிக்கி, ஆளு ஒரு பக்கம் போறான்."

"வாய மூடிக்கிட்டுத் திங்கணும்."

"வாய மூடிக்கிட்டு எப்படித் திங்க?"

இரண்டாம் தடவை மாவைக் கெட்டியாகக் கரைத்தாள். அது வடைபோல ஊதி, உள்ளே வேகாமல் நின்றது. மூன்றாம் தடவை வாணலியில் போட்டதுமே மாவு தனி, வெங்காயம் தனி என்று பிரிந்துபோனது. எண்ணெய் முழுக்கத் தூள் மிதந்தது. மணி ஒன்றரை.

"பேசாம பஜ்ஜி போட்டுரு. நல்லாத்தான் இருக்கும்" என்றார் இஞ்ஞாசி, இந்த முறை கேலி இல்லாமல்.

அவர் கேலி செய்திருந்தால் தேவலை என்றிருந்தது. மெட்டில்டா குசினித் தரையில் உட்கார்ந்தாள். பஜ்ஜி போடலாம்தான். பஜ்ஜி போட்டால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் அந்தப் பெண் தின்னாமல் போனால், தனக்குப் பிடித்ததைச் செய்யாததால்தான் தின்னவில்லை என்று ஒரு மூலையில் ஆறுதல் தேடிக்கொள்ளவா நான் பஜ்ஜி போடப்போகிறேன் என்று தன்னையே கேட்டாள். பதில் அவளுக்கு வெட்கமாக இருந்தது. தோற்றால் நல்லதைச் செய்துவிட்டுத்தான் தோற்கவேண்டும். முறுக்கு அன்று அப்படித்தான் தோற்றது.

மிச்சமிருந்த ஒரு வளையத்தைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தாள். உள்பக்கம் வழுவழுப்பாக இருந்தது. கட்டைவிரல் தானாக ஓரத்தில் போய் நிமிண்டியது. கண்ணாடித்தாள்போல ஒரு சவ்வு நகத்தில் ஒட்டிக்கொண்டு கிளம்பியது.

"தோலு!" என்று எழுந்துவிட்டாள்.

"என்னளா?" என்று வாசலிலிருந்து இஞ்ஞாசி ஓடிவந்தார்.

"உள்ள ஒரு தோலு இருக்குங்க. கணவாய்க்கு மேல இருக்குமே, அது கணக்கா. அதை உரிக்காம மாவு எப்படிப் பிடிக்கும்? வழுக்கத்தான செய்யும்!"

கணவாயின் மேல்தோலைக் கிழியாமல் ஒரே இழுப்பில் உரிப்பது கம்பெனியில் புதுப் பெண்களுக்கு ஆறு மாதப் பாடம். மெட்டில்டா கண்ணை மூடிக்கொண்டே செய்வாள். விரல் நுனியில் உப்பைத் தொட்டுக்கொண்டு, புதிதாக வெட்டிய ஐந்து பல்லாரியின் வளையங்களையும் ஒன்றுவிடாமல் உரித்தாள். துணியில் ஈரம் ஒற்றினாள். முதலில் வெறும் மாவில் புரட்டிப் பத்து நிமிஷம் வைத்தாள். பிறகு ஐஸ் தண்ணீரில் கரைத்த மாவு. பிறகு ரஸ்க்குத் தூள். எண்ணெயை வடிகட்டி நன்றாகக் காயவிட்டு, நாலு நாலாகப் போட்டாள். வெந்ததை மூடி வைக்காமல் கம்பித் தட்டில் நிறுத்தி ஆறவிட்டாள்.

இஞ்ஞாசி கடித்தார். சத்தம் கேட்டது. இன்னொன்றை எடுக்கப்போன கையில் அவள் ஒரு அடி வைத்தாள்.

நாலே முக்காலுக்குப் பைக் வந்து நின்றது. இந்துமதி ஒல்லியாக, மாநிறமாக, நெற்றியில் வியர்வையோடு இறங்கினாள். பச்சைச் சுடிதார். செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் நின்றதைப் பார்த்தபோது மெட்டில்டாவுக்கு அவள் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. வரக்கூடாது, இப்போதே வரக்கூடாது என்று அடக்கிக்கொண்டாள்.

"வாம்மா, வா. இங்கன உக்காரு. ஃபேனுக்குக் கீழ."

உள்ளே வருவதற்குள் அனிஷின் போன் அடித்தது. யார்டில் ஏதோ கண்டெய்னர் சீல் பொருந்தவில்லையாம். "ரெண்டே நிமிஷம்" என்று தெருமுனைக்குப் போய்விட்டான்.

மெட்டில்டா வளையங்களைக் காய்ந்த எண்ணெயில் இன்னொரு தரம் போட்டெடுத்து, கண்ணாடித் தட்டில் அடுக்கிக் கொண்டுவந்து வைத்தாள். எண்ணெய் மினுங்காமல், ஒன்றுக்கொன்று ஒரு நூல் வித்தியாசமில்லாமல், பொன்போல இருந்தன. பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர்.

இந்துமதி தட்டைப் பார்த்தாள். பிறகு மடியில் இருந்த கைகளைக் கோத்துக்கொண்டாள்.

"எடுத்துக்கோம்மா."

"இருக்கட்டும் ஆன்ட்டி."

"ஆறிப்போயிரும்."

"பரவால்ல ஆன்ட்டி."

நிலைமையைச் சரிசெய்வதாக நினைத்து இஞ்ஞாசி ஒன்றை எடுத்துக் கடித்தார். "சும்மா சொல்லக்கூடாது. கம்பெனில இருவத்திரெண்டு வருசமா கணவாய் வெட்டுத கையாக்கும். ஒரு வளையமாவது கூடக்குறைய இருக்கான்னு பாரு தாயி!"

அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு நாற்காலியில் இன்னும் கொஞ்சம் பின்னால் போனாள்.

எத்தனை வருஷம் ஆனாலும் அந்த அமைதி மெட்டில்டாவுக்கு அடையாளம் தெரியும். வீட்டைப் பார்க்கிறாளா? இல்லை. தரையைத்தான் பார்க்கிறாள். என் கையைப் பார்க்கிறாளா? எலுமிச்சை போட்டுக் கழுவினேனே. இருபத்திரண்டு வருஷம் எலுமிச்சையில் போகுமா? அவள் தன் கைகளைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். அப்படி இழுத்துக்கொண்டதற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது. இந்தக் கைதான் அனிஷைப் படிக்கவைத்தது. இதை ஏன் ஒளிக்கவேண்டும்? மறுபடியும் வெளியே எடுத்து மடியில் வைத்தாள்.

"ஆன்ட்டி" என்றாள் இந்துமதி, அழாத குறையாக. "தப்பா நெனைக்காதிய. இன்னைக்கு வெள்ளிக்கிழமை. மத்த நாள்னா நான் நல்லாத் திம்பேன். எங்க வீட்டுலயும் எல்லாம் செய்வோம்."

"தெரியுமேம்மா. அனிஷ் சொன்னான். அதனாலதான இதைச் செஞ்சேன்."

இந்துமதி குழம்பிப்போய் அவளைப் பார்த்தாள். "கணவாயும் மீனுதான ஆன்ட்டி?"

மெட்டில்டா தட்டைப் பார்த்தாள். முதல் தடவையாக வேறொருவர் கண்ணால் பார்த்தாள். கடற்கரை வீடு. வெள்ளிக்கிழமை. கணவாய் வெட்டுகிற பெண். அளவெடுத்து வெட்டிய வளையம். கம்பெனிப் பெட்டியில் அடுக்கினால் ரெக்சனே ஏமாந்துபோவான். எந்த மடையனுக்கும் அது கணவாய்தான்.

ஒன்றை எடுத்து இரண்டாகப் பிட்டாள். உள்ளே வெள்ளையாக, ஆவி பறக்க, பல்லாரி.

"ஐயோ!" என்று வாயைப் பொத்தினாள் இந்துமதி. "ஆனியன் ரிங்ஸா!"

இஞ்ஞாசிக்குப் புரிய இன்னும் ஒரு கணம் ஆனது. புரிந்ததும் அவர் சிரித்த சிரிப்பில் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து போய்விட்டது. "கணவாய் வெட்டுத கைன்னு நான்லா சொல்லித் தொலைச்சேன்! ஏளா, உன் கைக்கு வேற ஒண்ணுமே வெட்ட வராதா?" மெட்டில்டாவும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை மூன்று பேரும் சிரித்தார்கள்.

சிரித்து முடிந்தது. தட்டு அப்படியே இருந்தது.

இந்துமதியின் கை மறுபடி மடிக்கே போயிருந்தது. சிரிப்பு அவள் முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"அம்மா சொல்லிவிட்டா ஆன்ட்டி" என்றாள் தரையைப் பார்த்து. "போய்ப் பாரு, பேசு, ஆனா தண்ணிகூடக் குடிச்சிராதன்னு. அப்பா இன்னும் சரின்னு சொல்லல. நான் இங்க சாப்பிட்டுட்டா பொறவு பேச்சுக்கு எடமில்லன்னு ஆயிரும்னு அம்மாவுக்குப் பயம்."

இஞ்ஞாசி மெல்ல எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார். இந்த மாதிரி நேரங்களில் அவருக்குப் பைக்கின் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றும். அனிஷ் இன்னும் தெருமுனையில் போனோடுதான் நின்றான்.

ஒரு வார்த்தை போதும் என்று மெட்டில்டாவுக்குத் தெரிந்தது. காலையிலிருந்து உனக்காகத்தான் நிற்கிறேன் என்று சொன்னால் போதும். இளகிய பெண். உடனே எடுத்துவிடுவாள். ஆனால் அப்படி எடுப்பது அவள் எடுப்பதாகாது. நான் எடுத்து ஊட்டுவதாகும். அந்தத் தாயும் ஆத்தூரில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள். இரக்கப்பட்டுத் தின்கிற வளையம் எனக்கு எதற்கு?

"உங்கம்மா சொன்னது தப்பில்ல" என்றாள். சொல்லும்போது குரல் நன்றாகவே வந்தது, அவளுக்கே ஆச்சரியம். "இன்னொரு நாள் சாப்பிட்டுக்கிடலாம். பல்லாரிக்கு என்ன பஞ்சமா?"

தட்டை எடுக்கக் கை நீட்டினாள்.

இந்துமதி தட்டின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு இந்துமதி மற்றக் கையால் ஒரு வளையத்தை எடுத்தாள். எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். ஆபீஸில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் காகிதத்தை ஒருதரம் படித்துப் பார்ப்பவளின் முகம் அது. பிறகு கடித்தாள்.

சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

"அம்மாட்ட என்ன சொல்லணுமோ அதை நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் வாயில் வைத்துக்கொண்டே. இரண்டாவதை எடுத்தாள். மூன்றாவதை எடுத்தாள். "சோறு இருக்கா ஆன்ட்டி? பயத்துல காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடல."

சோறு! மெட்டில்டா குசினிக்கு ஓடினாள். மத்தியானச் சோறு இருந்தது. ஊற்றிக்கொள்ள என்ன இருக்கிறது? சாளைக் குழம்பைத்தான் காலி செய்து சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்தாகிவிட்டது. தயிர் இருந்தது. மாங்காய் ஊறுகாய் இருந்தது. வருகிற மருமகளுக்கு முதல் சோறு ஆறிப்போன சோறும் தயிருமா என்று உள்ளே ஒரு குரல் முணுமுணுத்தது. அவள் அந்தக் குரலுக்கு நின்று பதில் சொல்லவில்லை.

இந்துமதி குசினிக்கே வந்து தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். தயிர்ச்சோற்றைப் பிசைந்து, ஒரு வாய்க்கு ஒரு வளையம் என்று கடித்துக்கொண்டாள். "ஊறுகாயில உப்பு ஒரு பிடி கூடுதலா இருக்கு" என்றாள், யாரும் கேட்காமலே.

"தூத்துக்குடில உப்பு குறைஞ்சாத்தான் கேக்கணும்" என்றாள் மெட்டில்டா.

வெளி அறையில் இருந்த இந்துமதியின் போன் அடித்தது. எழுந்திருக்கப்போனவள் தயிர்க்கையைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். மெட்டில்டா போய் எடுத்துவந்தாள். திரையில் 'அம்மா' என்றிருந்தது.

"எடுத்துக் காதுல வைங்கத்த" என்றாள் இந்துமதி.

மெட்டில்டா குனிந்து, போனை அவள் காதோரம் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கத்துக் குரல் அவளுக்கும் கேட்டது.

"இந்து, கிளம்பிட்டியா? ஒண்ணும் சாப்பிடலல்லா?"

இந்துமதி பதில் சொல்ல வாயெடுத்தாள். வாயில் இருந்ததை மென்றால்தான் பேச முடியும். மென்றாள்.

"ஏளா, என்ன சத்தம் அது?"

"பல்லாரிம்மா" என்றாள். விழுங்கிவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "தயிர்ச்சோறும்."

ஆத்தூரில் ஒரு பெண் மூச்சு விடுவது தூத்துக்குடிக் குசினியில் கேட்டது. மெட்டில்டா போன் நழுவிவிடாமல் மற்றக் கையையும் கொடுத்துப் பிடித்தாள்.

"உங்கப்பாகிட்ட நான் எந்த மூஞ்சிய வச்சிட்டுச் சொல்ல?" என்றது குரல். பிறகு கொஞ்சம் இறங்கி, "சரி. பாதியில எந்திரிக்காத. பாதிச் சோத்துல எந்திரிச்சா அது இன்னும் மோசம். வயிறு நெறயச் சாப்பிட்டுட்டு வா" என்றது.

மெட்டில்டா போனைத் தன் தோளில் இடுக்கிக்கொண்டு, சோற்றுச் சட்டியை இழுத்து, இன்னொரு அகப்பை அள்ளி வைத்தாள்.